வரைபட ஆசிரியர்களுக்கு: அந்த டபரா டம்ளரைக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்

பொறியியல் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு வரைபடப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் கிரைண்டர், மிக்ஸி, பம்ப் மாதிரியான பொருட்களுக்கு உருவம் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வேலை கேட்டு வரும் மெக்கானிக்கல் பட்டதாரிகளிடம் ஒரு தாளையும் பால்பாயிண்ட் பேனாவையும் கொடுத்து, மேஜைமேல் இருக்கும் டபரா டம்ளரை வரையச் சொல்வேன். ஐந்து நிமிடம். அழகெல்லாம் வேண்டாம், இருப்பதுபோல் இருந்தால் போதும்.

பெரும்பாலும் ஒரே படம்தான் வருகிறது. டம்ளரின் வாய், கண் வரைந்ததுபோல் இரண்டு ஓரமும் கூராக இருக்கும். அடிப்பாகம் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடு. மேஜை தட்டை என்று மூளைக்குத் தெரியும் அல்லவா, கை அதைத்தான் வரைகிறது. கண்ணுக்குத் தெரிவது வேறு. நம் கண்மட்டத்துக்குக் கீழே ஒரு வட்டம் இறங்க இறங்க அகலத் திறந்துகொள்ளும். டம்ளரின் அடி வாயைவிடச் சிறியதுதான். ஆனாலும் அடியின் நீள்வட்டம்தான் கூடுதல் உருண்டையாக இருக்கும். டம்ளரைச் சாய்த்தால், நீள்வட்டத்தின் குற்றச்சும் (அதன் குறுகிய அச்சு) டம்ளரின் நடு அச்சோடு சேர்ந்தே சாயும். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் சக்கரம், குழாய், மோட்டார் எல்லாம் வரையலாம்.

பிள்ளைகள் படிக்காமல் வரவில்லை. பெர்ஸ்பெக்டிவ், அதாவது கண்ணுக்குத் தெரிவதுபோல் வரையும் முறை, நீங்கள் நடத்தியதுதான், கடைசி யூனிட்டில். ஸ்டேஷன் பாயிண்ட் (பார்ப்பவரின் கண் இருக்கும் இடம்) எங்கே, ஹொரைசன் லைன் எவ்வளவு உயரம் என்று மில்லிமீட்டரில் கேள்வியே சொல்லிவிடும். கோடு போடும் கருவியான மினி டிராஃப்டரோடு அரைமணி நேரம் போராடினால் பிரமிடு சரியாக வந்துவிடும். ஆனால் அந்த ஹொரைசன் லைன் உன் கண்ணின் உயரம்தான், நீ தரையில் உட்கார்ந்தால் அதுவும் கூடவே இறங்கும் என்று சொன்னால், புதிதாகக் கேட்பதுபோல் பார்க்கிறார்கள். ஸ்டேஷன் பாயிண்டை ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்தால் பெட்டியின் மூலை ஏன் மூக்கை நீட்டுகிறது என்பதும் தெரியவில்லை.

நானும் அப்படி வந்தவன்தான். முதல் வேலையில், சாய்த்து மாவு எடுக்கும் கிரைண்டருக்குக் கைப்பிடி செய்யச் சொன்னார்கள். கேடில் (கணினியில் வரையும் மென்பொருள்) இரண்டு நாள் உட்கார்ந்து மாடல் செய்து, பிரிண்ட் எடுத்து, வார்ப்புக்கான மாதிரி (பேட்டர்ன்) செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனேன். தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். அப்புறம் பிளைவுட் துண்டு ஒன்றில், தச்சுப் பென்சிலால், டிரம் சாய்ந்திருக்கும் நிலையை வரைந்தார். அதன்மேல் என் கைப்பிடி, அதைப் பிடித்திருக்கும் ஒரு கை. “தம்பி, விரல் முட்டி எங்க போகும்? பாடியில இடிக்குமே” என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தூரம் போகும் கோடுகள் ஒன்றுசேர வேண்டிய மறைபுள்ளியில் அவர் கோடுகள் கச்சிதமாகச் சேரவில்லைதான். ஆனால் எந்தக் கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் பிழையில்லை. நானோ மாடலைச் சாய்த்துப் பார்க்கவே இல்லை.

கேடைக் குறை சொல்லவில்லை. டை (பாகங்களை வார்க்கும் அச்சு) செய்ய அது இல்லாமல் முடியாது. ஆனால் முதல் நிமிடமே அது அளவு கேட்கும். அளவே இன்னும் தெரியாத கட்டம் ஒன்று இருக்கிறதே, ஒரே காலையில் பதினைந்து கைப்பிடி வரைந்து பதினான்கைக் கிழித்துப்போடும் கட்டம், அங்கே பேனாதான் ஓடும்.

பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை, தெரியும். ஃப்ரீஹேண்ட் ஸ்கெட்சிங் என்று சில மணி நேரம் அதில் இருக்கிறது. அதுவும் படத்தைப் பார்த்து முன், மேல், பக்கம் என்று மூன்று வியூ போடுவதோடு முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தைத்தான் கேட்கிறேன். டிராஃப்டரும் ரப்பரும் பைக்குள்ளேயே கிடக்கட்டும். இரண்டு புள்ளி வைத்து, பேனா தாளில் படாமல் நாலைந்து முறை கையை ஓட்டிப் பார்த்து, பிறகு ஒரே வீச்சில் கோடு. மணிக்கட்டிலிருந்து இல்லை, தோளிலிருந்து. அடுத்து பெட்டிகள். கண்ணாடிப் பெட்டிபோல் பின்பக்கக் கோடுகளையும் வரையச் சொல்லுங்கள். மறைபுள்ளிகள் இரண்டையும் தாளுக்குள் அடக்கினால் பெட்டி பிதுங்கும். அதையும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். ஒரு பக்கத்தின் நடுவைக் கண்டுபிடிக்க ஸ்கேல் வேண்டாம், இரண்டு மூலைவிட்டம் போட்டால் வெட்டும் இடம்தான் நடு. டம்ளர் அதற்கப்புறம். மதிப்பெண்ணை அழகுக்குப் போடாமல், எத்தனை தாள் வரைந்தார்கள் என்ற கணக்குக்குப் போடுங்கள்.

டிசைன் படிப்புகளில் சேர ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யூசீட், சீட் நுழைவுத் தேர்வுகளில் கையால் வரையும் பகுதி உண்டு. அதற்குப் பிள்ளைகள் தனியாகக் காசு கட்டிக் கோச்சிங் போகிறார்கள். மேஜையும் தாளும் உங்கள் வகுப்பிலேயே இருக்கின்றன.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. கரும்பலகையில் நீங்களும் ஸ்கேல் இல்லாமல் வரைய வேண்டும். கோடு கோணலாகப் போகும். போகட்டும். எனக்கு நடத்தியவர் ஒருநாளும் வெறுங்கையால் ஒரு கோடு போட்டதில்லை. கோணலாகப் போனால் மார்க் போகும் என்ற பயம் எனக்கு வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சான ஏ3 தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பழைய மிக்ஸிகளும் இருக்கின்றன. கோவைப் பக்கத்துக் கல்லூரி என்றால் சனிக்கிழமைகளில் நானே எடுத்து வருகிறேன். டம்ளர் மட்டும் உங்கள் கேன்டீனில் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
டம்ளர் வரையத் தெரியாமல் வேலைக்கு வந்த ஒருவன்