நடைக்குப் பஞ்சமில்லை, பேசத்தான் ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காலை நடை, செல்போனைக் குறைப்பது, நெருங்கியவரிடம் மனம்விட்டுப் பேசுவது என்ற யோசனைகளில் குறையில்லை. ஆனால் நான் வேலை பார்த்த கிராமங்களில் பெண்கள் விடியுமுன் களையெடுக்கக் கிளம்பிவிடுவார்கள். நடைக்கு அங்கே பஞ்சமே இல்லை.

துணை சுகாதார நிலையத்தில் யாரும் "மனசு சரியில்லை" என்று வந்து நின்றதில்லை. "கைகால் அசதி, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, ஒரு சத்து ஊசி போடுங்க சிஸ்டர்" என்பார்கள். பிரஷர் சரியாகவே இருக்கும். பேச்சுக் கொடுத்தால் குழு லோன் வெளியே வரும். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அதனால் வாசலில் நின்று கேட்பது லோன்காரர் மட்டுமல்ல, நேற்றுவரை குழம்பு கொடுத்து வாங்கிய பக்கத்து வீட்டுக்காரியும்தான். இருந்த ஒரே பேச்சுத்துணையும் அத்தோடு போகிறது.

நம்மூரில் மட்டும்தான் இப்படி என்றில்லை. லண்டன் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978-லேயே எழுதிவிட்டார்கள். பெரிய இழப்போ நெருக்கடியோ வரும்போது, மனதில் உள்ளதைச் சொல்ல நெருக்கமான துணை இல்லாதவர்கள், சிறு பிள்ளைகள் மூன்று பேராவது வீட்டில் இருப்பவர்கள், சம்பள வேலை இல்லாதவர்கள், 11 வயதுக்குள் தாயை இழந்தவர்கள் ஆகியோரே அதிகம் மனச்சோர்வில் விழுந்தார்கள். வேலை காப்பாற்றும் என்பதை நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் நானும் பார்த்திருக்கிறேன். கூலி தாமதமானாலும் மரத்தடியில் பேசிச் சிரிக்க நாலு பேர் கிடைப்பார்கள்.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை என்று தெரிந்தது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதைக் கொண்டுவரும் பெண் ஊழியர், "ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்லாம இருக்கா? மனசு சோர்ந்தே கிடக்கா?" என்று கேட்கலாம். மருத்துவர்கள் முதல் சோதனையாகக் கேட்கும் கேள்விகள்தான் இவை. "எத்தனை லோன் ஓடுது?" என்பதை நான் மூன்றாவதாகச் சேர்ப்பேன்.

கடனை மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. மிரட்டலுக்கு ஆளானவர் அதன்படி எங்கே, யாரிடம் புகார் கொடுப்பது என்று அடுத்த இதழில் தங்கள் நிருபரை எழுதச் சொல்லுங்கள்.

- ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
பெரம்பலூர் மாவட்டம்