கடைசி வரிசை

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மருத்துவரிடம் போகாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டுவாய், தெரியும்.

சொல்ல வந்தது வேறு. போன ஞாயிறு, பேருந்து விபத்தில் நாம் பறிகொடுத்தோமே, அவன் அம்மாவைப் பார்க்கப் போனோம். நெட்டை, கணக்கு, லீடர், நான். 22 வருடமாக அந்தப் பேருந்தைத் தவிர மற்றதெல்லாம் பேசியிருக்கிறோம், இல்லையா? அன்று அம்மாவே கேட்டுவிட்டார்: "அன்னைக்குக் காலையில அவன் சாப்பிட்டானாடா?" யாருக்கும் வாய் எழவில்லை. அப்புறம் நெட்டைதான், "என் பொட்டலத்தையும் சேர்த்துத் தின்னான்மா" என்றான். அம்மா சிரித்துவிட்டார்!

அதன்பிறகு நிற்கவேயில்லை, ஆளுக்கொரு துண்டாக வந்தது. எல்லாரையும் விட்டுவிட்டு ஜன்னல் வழியே தப்பி ஓடியதாகவே நினைத்து லீடர் இத்தனை வருடம் புழுங்கியிருக்கிறான். "என்னை வெளியே இழுத்துப் போட்டதே நீதானேடா" என்று கணக்கு சொன்னதும் உடைந்து அழுதான். அவன் நினைவில் இல்லாதது இவன் நினைவில் பத்திரமாக இருந்திருக்கிறது.

எனக்கு அவன் என்றாலே அந்தச் சாலையோரம்தான் கண்ணில் வரும். இப்போது பொட்டலம் பிரிக்கிற கையும் வருகிறது.

ஹிரோஷிமாவில் 2012 முதல் நகராட்சியே ஒரு பயிற்சி நடத்துகிறது. அணுகுண்டில் பிழைத்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பட்டதை அவர்களிடமே கேட்டுக் கற்று, அவர்களுக்குப் பின்னும் சொல்வதற்கு ஆட்களைத் தயார் செய்கிறார்கள். நமக்கும் வயதாகிறது மாப்ளே.

ஆனால் பிடுங்கிக் கேட்கவும் கூடாது. பேரிடரில் பிழைத்தவரை நடந்ததைச் சொல்லச் சொல்லி நெருக்காதே, அவராகச் சொன்னால் கேள் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு. சரியான பேச்சு. அம்மா விபத்தைக் கேட்கவில்லை, சாப்பாட்டைத்தான் கேட்டார். அதனால்தான் எங்களுக்கு வாய் வந்தது.

கடைசி வரிசையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீதான். கடைசியில் அவன் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. எதற்கென்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அம்மா அதை இரண்டு தடவை கேட்டார்.

முடியாதென்றால் விடு, முட்டிவலியைப் பற்றி எழுது. முடிந்தால் எனக்கு வேண்டாம், அம்மாவுக்கே எழுது. அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

உன் மாப்ளே