படிவத்தில் காற்றுக்கு ஒரு கட்டம் இல்லை: கொங்கு வட்டாரக் கட்டடக்கலை விருதுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும் விருதுக் குழுவினருக்கும் வணக்கம்.

பல்லடத்தில் சின்னதாக ஆபீஸ் போட்டிருக்கும் ஆர்க்கிடெக்ட் நான். நானும் இரண்டு டிராஃப்ட்ஸ்மேன்களும்தான். இந்த ஆண்டு உங்கள் போட்டிக்கு ஒரு தோட்டத்து வீட்டை அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு போட்டோ, மூன்று வரைபடம், ஆங்கிலத்தில் முந்நூறு சொல்லில் ஒரு குறிப்பு. கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த வீட்டைப் பற்றி உருப்படியாக ஒன்றுமே சொல்லவில்லை என்ற உறுத்தல் அனுப்பிய நாளிலிருந்து போகவில்லை. அதனால்தான் இந்த மடல்.

வீடு இருப்பது பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவே. அந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குழுவில் பாதிப்பேர் வெளியூர். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுப் பக்கம் மட்டும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்து கிடக்கிறது. வைகாசி போனால் தென்மேற்குக் காற்று அந்த வழியாகப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று வீசித் தள்ளும். காற்றாலைகள் அங்கே வரிசை கட்டி நிற்பது அதனால்தான். சிக்கல் என்னவென்றால், பிற்பகல் வெயிலும் அதே மேற்கிலிருந்துதான் வருகிறது. வீட்டைச் சுடுகிற திசையும் ஆற வைக்கிற திசையும் ஒன்று. மேற்கை அடைத்தால் புழுக்கம், திறந்தால் அனல். இந்த ஊரில் வீடு கட்டுகிறவருக்கு முதல் கணக்கே இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் போட்ட கணக்கு இப்படி: மேற்கே எட்டடி அகலத்துக்குத் தாழ்வாரம், அதன் வெளி ஓரத்தில் செங்கல் ஜாலி, அதாவது காற்று புக துளை விட்டுக் கட்டிய சுவர். ஒன்பது அங்குலச் சுவரில் நாலரை அங்குல உயரத் துளைகள். துளையின் ஆழம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு என்பதால் நாலரை மணி வாக்கில் சூரியன் இறங்கும் வரை நேர்வெயில் உள்ளே வராது. பார்வை மறையட்டும் என்று ஜாலியைத் தரையிலிருந்து நாலடிக்கு மேல் தொடங்கி வரைந்திருந்தேன்.

கட்டுமானம் அந்த மட்டத்துக்கு வந்தபோது மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டார். ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அரைகுறைச் சுவருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டார். துண்டு அசையவே இல்லை. எழுந்து நின்று தலைக்கு மேல் பிடித்தார், படபடவென்று அடித்தது. "ஏனுங் சார், காத்து உக்காந்திருக்கற ஆளுக்குங்களா, ஓட்டுக்குங்களா?" என்றார். அன்று மாலையே கட்டிய சுவரில் இரண்டரை அடியைப் பிரித்து ஜாலியை ஒன்றரை அடியிலிருந்து தொடங்கினோம். எதிரே கிழக்குச் சுவரில் கூரையை ஒட்டி ஒரு வரிசைத் திறப்பு விட்டதும் அவர் சொல்லித்தான். தாழ நுழைகிற காற்று மேலே போய் வெளியேற வழி வேண்டுமல்லவா.

உங்கள் படிவத்தில் 'வடிவமைத்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என் பெயர். மேஸ்திரியின் பெயருக்குக் கட்டம் இல்லாததால் 'பிற தகவல்' என்ற இடத்தில், கட்டடத்தின் பரப்பளவுக்கும் செப்டிக் டேங்க் விவரத்துக்கும் நடுவே எழுதி வைத்திருக்கிறேன். கண்ணில் பட்டால் சரி.

போட்டோ கதை தனி. போட்டிக்கென்றே கோவையிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். நல்ல கலைஞர், குறை சொல்ல மாட்டேன். வந்ததும் தாழ்வாரத்தில் இருந்த கட்டிலை எடுக்கச் சொன்னார். பிறகு கொடியில் கிடந்த துணி, பூசணிக்காய், எண்ணெய் டின், மாட்டுத் தீவன மூட்டை எல்லாம் பின்பக்கம் போயின. வீட்டு ஆத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, நாங்க குடியிருக்கறது உங்க போட்டிக்குத் தெரியக் கூடாதாக்கும்?" என்று கேட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சூரியன் இறங்கிய பிறகு எல்லா விளக்கையும் போட்டு, வானம் நீலமாக இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் முக்கியமான படங்களை எடுத்தார். உங்களிடம் இருப்பவை அவைதான். அந்த வீட்டில் அப்படி எல்லா விளக்கையும் போட்டது அன்று ஒரு நாள்தான்.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் காற்று தெரியாது. வெக்கையும் தெரியாது. எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு போட்டியில் பரிசு வாங்கிய அலுவலகக் கட்டடம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு சித்திரை மதியம் போனேன். படத்தில் மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடியாக மின்னியது. நேரில் அந்தக் கண்ணாடி முழுவதும் திரைச்சீலை, அதற்குப் பின்னால் வெயில் தடுக்க ஒட்டிய தெர்மாகோல். பகல் இரண்டு மணிக்கு டியூப்லைட், ஏசி. ரிசப்ஷனில் இருந்த பெண் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே பேசினார். பரிசுக் கேடயம் அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது.

எனவே நான் கேட்பது ஒன்றுதான். இறுதிச் சுற்றுக்கு எடுக்கிற கட்டடங்களையாவது நேரில் போய்ப் பாருங்கள். அதுவும் சித்திரை, வைகாசியில், பிற்பகலில். இல்லையென்றால் ஆடியில். மார்கழியில் எந்த வீடும் நல்ல வீடுதான்.

இது நடக்காத காரியம் இல்லை. 1977இல் தொடங்கிய ஆகா கான் கட்டடக்கலை விருது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கொடுக்கப்படுகிறது. பட்டியலில் வருகிற ஒவ்வொரு கட்டடத்துக்கும், அது எந்த நாட்டில் இருந்தாலும், ஆள் அனுப்பிப் பார்த்து, குடியிருப்பவர்களிடம் பேசி, அறிக்கை வாங்கிய பிறகே நடுவர்கள் முடிவு செய்கிறார்கள். பரிசிலும் ஆர்க்கிடெக்டோடு கட்டியவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் கட்டடத்தின் சொந்தக்காரருக்கும் பங்கு உண்டு. உலகம் முழுக்க அவர்களால் முடிகிறபோது, கோவையிலிருந்து கரூர் வரை இரண்டு நாளில் காரில் சுற்றிவிடக்கூடிய ஊருக்குள் நமக்கு என்ன தடை?

அதற்கும் முடியாது என்றால், குறைந்தபட்சம் கரண்ட் பில்லைக் கேளுங்கள். நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள். ஆறு ரீடிங் கேட்டால் ஒரு வருடத்து வெயிலும் மழையும் அதில் வந்துவிடும். பன்னிரண்டு போட்டோ மறைப்பதை ஆறு சீட்டு சொல்லிவிடும். நான் அனுப்பிய வீட்டின் சித்திரை பில் நான் பெருமைப்படுகிற அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடியில் அந்த வீட்டு மகன் பிடிவாதமாக ஏசி போட்டுக்கொண்டார். அங்கே ஜாலி இல்லை, மேற்கு ஜன்னல் என் தவறு. அதையும் வந்து பாருங்கள்.

இன்னொன்று. 'வட்டார' விருது என்கிறீர்கள். போன முறை காட்சிக்கு வைத்திருந்த பலகைகளைப் பார்த்தேன். ஈரோட்டு வீட்டிலும் ஆத்தங்குடிக் கல், நாமக்கல் வீட்டிலும் காரைக்குடித் தூண். செட்டிநாட்டு வேலை உசத்திதான், யார் இல்லை என்றது? ஆனால் நம் பக்கத்து வழக்கம் மண்சுவர்ச் சாளையும் (குடிசைதான்), திண்ணையும், வீட்டை ஒட்டி மாடு கட்டும் கட்டுத்தரையும், நட்டுவைத்த பட்டியக்கல் வேலியும். பகட்டாக இல்லாததால் அது பாரம்பரியம் இல்லை என்று ஆகிவிடுமா?

அப்புறம், நம் சனங்கள் பகலெல்லாம் இருப்பது வீட்டிலா? திருப்பூர் பனியன் கம்பெனியில், சோமனூர் தறிக்குடோனில். உங்கள் பிரிவுகளில் தனிவீடு, பண்ணை வீடு, ரிசார்ட், ஷோரூம் எல்லாம் உண்டு, இவற்றுக்கு இல்லை. கோவையில் பழைய மில்களுக்கு ரம்பத்தின் பல்லைப் போல ஏறி இறங்கும் ரம்பப்பல் கூரை போட்டவர்கள், வடக்கு வெளிச்சம் மட்டும் நூலின் மேல் விழட்டும் என்று யோசித்துத்தான் போட்டார்கள். அதிலும் இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. நாம் இருப்பது 11 பாகை வடக்கில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரத் தொடக்கம் வரை நம் உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். 'வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வேண்டாம்' என்று வெளிநாட்டுப் பாடத்தைப் படித்துவிட்டுக் கட்டியவர்களின் ஷெட்டில், கோடையில் தையல் மெஷினுக்கு மேல் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கலாம். தகர ஷெட்டுக்குள் இருபது பேர் வேர்க்காமல் வேலை செய்ய ஒருவர் வழி கண்டுபிடித்தால், என் தோட்டத்து வீட்டை ஓரமாக வைத்துவிட்டு அவருக்குக் கொடுங்கள்.

நுழைவுக் கட்டணம், குறிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதி இவை பற்றியும் எழுத நினைத்தேன். வேண்டாம், அவை வேறு பலரும் சொல்வதுதான்.

நான் அனுப்பிய வீட்டுக்கு வருவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு, மூன்று மணி வாக்கில் வாருங்கள். ஆத்தாவிடம் சொல்லியிருக்கிறேன். கட்டில் இப்போது பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மோர் கொடுப்பார்கள், கட்டிலில் உட்கார்ந்து குடியுங்கள். தோளில் ஒரு துண்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்த ஆண்டுப் போட்டியாளர்களில் ஒருவர்
பல்லடம்