மூன்றாண்டு அனுபவத்துக்கு யார் படியளப்பது? பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சட்டம் படித்து வெளியே வரும் இளைஞரிடம் எங்கு சென்றாலும் முதலில் கேட்கப்படுவது அனுபவம். மாவட்ட நீதிபதி பதவிக்கு நேரடியாக வர ஏழாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 233ஆவது உறுப்பு. 2002இல் கைவிடப்பட்ட மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவ நிபந்தனையை, 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் நீதித்துறையின் தொடக்கநிலைப் பதவியான உரிமையியல் நீதிபதி பதவிக்கு மீண்டும் கொண்டுவந்துவிட்டது. அந்தத் தீர்ப்போடு எனக்குப் பிணக்கில்லை; குறுக்கு விசாரணை நடக்கும் நீதிமன்றத்தில் ஒரு நாள்கூட நின்றிராதவர் தீர்ப்பு எழுதுவது வழக்காடிகளுக்கு நல்லதல்ல.

ஆனால் அந்த மூன்றாண்டுகளை எப்படிக் கடப்பது என்பதே கேள்வி. பெரும்பாலான ஜூனியர்களுக்குச் சீனியரின் அலுவலகமே வழி. அங்கே வாய்தா கேட்பது, நகல் மனு போடுவது, வழக்குக் கட்டுகளைச் சுமப்பது என்று நாள் முழுவதும் உழைத்தவருக்கு மாலையில் கிடைப்பது பல ஊர்களில் பஸ் செலவுக்கான பணம்தான். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அகில இந்திய பார் கவுன்சிலும் அதே ஆண்டு அக்டோபரில் நகரங்களுக்கு 20,000, கிராமப்புறங்களுக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரையை மீறினால் என்ன ஆகும் என்பது சீனியர்களுக்கும் தெரியும், ஜூனியர்களுக்கும் தெரியும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு வேண்டிய அனுபவச் சான்றைத் தர வேண்டியவர் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர். பெரும்பாலும் அது அதே சீனியர்தான். பணம் தர வேண்டியவரிடமே சான்றும் இருக்கும்போது எந்த ஜூனியர் வாய் திறந்து கேட்பார்? வீட்டில் வசதி உள்ளவர் காத்திருப்பார். கூலி வேலை செய்து மகளைப் படிக்கவைத்த குடும்பம் எத்தனை மாதம் பொறுக்கும்? மாநில அரசு 2020இல் தொடங்கிய மாதம் 3,000 ரூபாய் உதவித் திட்டமும் இரண்டாண்டுகளோடு நின்றுவிடுகிறது; தேர்வுக்கோ மூன்றாண்டு வேண்டும்.

தாலுகா நீதிமன்றத்தில் தொழில் செய்யும் சீனியர் எல்லோராலும் 15,000 ரூபாய் தர முடியாது என்பதை நான் அறிவேன். அவர்களைத் தண்டிக்கக் கேட்கவில்லை. ஒருவரை ஜூனியராகச் சேர்த்த நாளையும் தரும் தொகையையும் எழுத்தில் கவுன்சிலில் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவாருங்கள். சீனியர் கையெழுத்திட மறுக்கும்போது அந்தப் பதிவே அனுபவத்துக்கு ஆதாரமாக ஏற்கப்படும்படி உயர் நீதிமன்றத்திடம் கோருங்கள். உண்மையிலேயே இயலாத அலுவலகங்களில் பணிபுரியும் ஜூனியர்களுக்கு அரசின் உதவித்தொகையை மூன்றாம் ஆண்டுக்கும் நீட்டிக்குமாறு அரசுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்