மனுவில் விடுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

வேளாண் கல்லூரி கேட்டு மனுக் கொடுப்பவர்கள், அது வந்துவிட்டால் ஊர் தானாகச் செழித்துவிடும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அப்படிச் செழித்த ஊர் ஒன்றில், கலிபோர்னியாவின் டேவிஸில், மகள் வீட்டில் தங்கியிருந்தேன். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். என் கண் சும்மா இருக்குமா?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பண்ணையாக 1908-ல் அங்கே தொடங்கியதுதான் இன்றைய டேவிஸ் பல்கலைக்கழகம். ரயில் நின்று போகும் சிற்றூராக இருந்த டேவிஸ், இன்று ஏறக்குறைய 67,000 பேர் வாழும் நகரம். சைக்கிளுக்கென்று தனித் தடம் 1967-லேயே போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் அதுதான் முதல்.

என்னை ஈர்த்தது தக்காளி. இயந்திரத்தில் அடிபட்டாலும் நசுங்காத ரகத்தைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜாக் ஹன்னாவும், அதை அறுவடை செய்யும் இயந்திரத்தை அங்கேயே பணியாற்றிய பொறியாளர் கோபி லோரன்சனும் இங்கேதான் உருவாக்கினார்கள். மெக்சிகோவிலிருந்து கூலியாட்களை அழைத்துவரும் திட்டம் 1964-ல் நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் ஆலைக்குப் போகும் தக்காளி ஏறக்குறைய முழுவதும் இயந்திரத்தின் கைக்குப் போனது. பறிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். இயந்திரம் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகள் தக்காளியையே விட்டார்கள். ஆகஸ்டில் இரட்டை டிரெய்லர் லாரிகள் பழத்தைக் குவித்துக்கொண்டு போகும்போது நெடுஞ்சாலை வளைவுகளில் சிந்தும். விழுந்த வேகத்திலும் பல உடையாமலே கிடந்தன. ஹன்னா கெட்டிக்காரர்தான். ஆனால் ஊரிலிருந்த தக்காளி ஆலை 1999-ல் மூடப்பட்டு, அந்த நிலத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன.

நகரை ஒட்டிய விளைநிலத்தை மனையாக்க வேண்டுமானால் ஊரார் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். 2000-ல் வந்த இந்த விதியைக் கண்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. பெரிய திட்டங்கள் பலவற்றை மக்கள் தோற்கடித்திருக்கிறார்கள். வயல் பிழைத்தது, வாடகை ஏறியது. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் கடைசியில் முடிந்து செப்டம்பர் முதல் தேதி தொடங்குகின்றன. நடுவில் உள்ள நேரத்தில் போக்கிடமில்லாத மாணவர்கள் நண்பர் வீட்டுக் கூடத்திலோ காரிலோ படுக்கிறார்கள். குப்பைத் தொட்டிகளின் ஓரம் மெத்தை, சோபா, புத்தக அலமாரி என்று குவிந்துவிடும். மகள் அதிலிருந்து ஒரு நல்ல நாற்காலியைத் தூக்கி வந்தாள், நான் தடுக்கவில்லை.

இன்னொன்று. ஊருக்கே படியளப்பது பல்கலைக்கழகம்தான். ஆனால் அது அரசு நிறுவனம் என்பதால் வளாகத்துக்குச் சொத்துவரி கிடையாது. வளாகத்தின் பெரும்பகுதி நகர எல்லைக்குள்ளும் இல்லை. மாணவர்கள் தேய்க்கும் சாலையைச் செப்பனிடும் செலவு மட்டும் நகராட்சியின் தலையில். பெரிய கடைகள் வந்தால் விற்பனை வரி கிடைக்கும். அந்தக் கடைகளையும் ஊரார் எளிதில் உள்ளே விடுவதில்லை. 2006-ல் டார்கெட் என்ற பெரிய நிறுவனத்தின் ஒரே ஒரு கடைக்காக ஊரே வாக்குச்சாவடிக்குப் போய், மயிரிழையில் அனுமதி கொடுத்தது.

ஆகவே கல்லூரி கேட்டு மனுக் கொடுப்பவர்கள், எத்தனை ஏக்கர் நிலம் என்பதோடு, விடுதியில் எத்தனை பேருக்கு இடம், உள்ளாட்சிக்கு வருமானம் எந்த வழியில் என்பதையும் அதே மனுவில் எழுதிக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவர்