பட்டப்பகலில் எரியும் தெருவிளக்குகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திகள் பக்கத்தில் காலநிலை மாற்ற விழிப்புணர்வுக் கூட்டம் பற்றிய செய்தி வந்திருந்தது. "தேவையில்லாத விளக்கை அணைக்கும் பழக்கம் கிராம மக்களுக்கு வர வேண்டும்" என்று ஓர் உயர் அதிகாரி அதில் அறிவுரை வழங்கியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் திட்டு விழும். கைக்காசைப் போட்டுக் கரன்ட் பில் கட்டுகிறவனுக்கு இதையெல்லாம் மேடை போட்டுச் சொல்லித்தர வேண்டுமா?

ஐயா அவர்கள் ஒரு நாள் உச்சி வெயிலில் எங்கள் தெருவுக்கு வரட்டும். பத்துத் தெருவிளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும். முன்பெல்லாம் தண்ணீர்த் தொட்டி இயக்குபவர் மாலையில் விளக்கைப் போட்டு, விடிந்ததும் அணைத்துவிடுவார். அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. சுவிட்சுப் பெட்டியின் மூடி உடைந்து எங்கோ போய்விட்டது. உள்ளே இரண்டு ஒயர்களை முறுக்கி நேரடியாக இணைத்து, மழை படாமலிருக்க ஒரு பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். உயிர்மேல் ஆசை உள்ளவன் எவன் அதில் கை வைப்பான்?

கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 வாட் விளக்குகள் பத்து, பகல் பொழுது 12 மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். பெரும்பாலும் நிலக்கரியை நம்பியிருக்கும் நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, எங்கள் ஒரு தெருவின் பங்கு மட்டும் தினமும் 1.7 கிலோ. பக்கத்துத் தெருக்களைச் சேர்க்கவில்லை.

மின்வாரியத்தில் கேட்டால், விளக்கு ஊராட்சியுடையது என்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால், லைன் மின்வாரியத்துடையது என்கிறார்கள். 2025 ஜனவரியில் தலைவரின் பதவிக்காலமும் முடிந்து தனி அலுவலர் வந்தார். ஒன்றியம் முழுவதையும் சுமக்கும் அவரைச் சந்திப்பது குதிரைக்கொம்பு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் போனேன். மனுவோடு நாங்கள் நின்ற கூடத்தில் கதவு அகலத் திறந்து கிடக்க, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரிடம் சொல்ல? "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பிறகு பதில் வந்தது. உரிய துறை எது என்பதையும் எழுதியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

பசுமை வீடுகள், சூரியசக்தித் தெருவிளக்குகள் என்று 2011-ஐ ஒட்டி அறிவித்ததெல்லாம் தாங்கள் அறியாததல்ல. எங்கள் ஊர்க் கோடியிலும் ஒரு சூரியசக்திக் கம்பம் நிற்கிறது. பேட்டரி செத்து ஆண்டுகளாகின்றன. பேனல் முழுக்கக் காக்கை எச்சம். இரவில் எரிய வேண்டியது எரிவதில்லை, பகலில் அணைய வேண்டியது அணைவதில்லை.

2070-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, அதாவது வெளியேற்றும் அளவுக்கு வாயுவைத் திரும்ப உறிஞ்சிச் சமன் செய்வது என்று, 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் நாடு வாக்குக் கொடுத்தது. அதற்கும் முன்பே எட்டிவிடுவோம் என்கிறது மாநில அரசு. மிக்க மகிழ்ச்சி. ஆனால், காலை பஸ்ஸை நிறுத்திவிட்டதால் எங்கள் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டில் பிரித்துக் கொடுப்பதை ஏரிக்கரையில் ஒன்றாகக் கொட்டிக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை எந்தக் கணக்கில் சேரும்?

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தெருவிளக்குகளுக்கு அந்த உடைந்த பெட்டிக்குப் பதிலாகப் புதிய சுவிட்சுப் பெட்டியும், தானாகப் போட்டு அணைக்கும் டைமர் ஒன்றும் பொருத்தித் தந்தால் போதும். அறிவுரைக்கு இடம் கொடுத்த அதே பக்கத்தில் இக்கடிதத்தையும் வெளியிடுங்கள். இடமில்லாமல் சுருக்க நேர்ந்தால் அதிகாரியைப் பற்றிய வரிகளைத் தாராளமாக வெட்டிவிடலாம். டைமர் பற்றிய வரியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.