வீட்டுக்கல்விப் பெற்றோர் சங்கம், களியக்காவிளை வட்டாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மாதந்தோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், பெருமழை பெய்த ஒரு மாதம் தவிர, ஒழுங்காக நடந்தன. விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. கிறிஸ்துமஸ் கூடுகை நல்லபடியாக முடிந்தது. பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுத வழி செய்யும் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி பற்றி ஒரு விளக்கக் கூட்டம் வைத்தோம். அங்கே 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் உண்டு என்பதும், 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்பதும் பலருக்குத் தைரியம் தந்தன.

இனி புத்தக அலமாரிக்கு வருகிறேன். ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு அதில்தான் போனது.

அமெரிக்காவிலிருந்து கணக்குப் புத்தகம் வரவழைக்க எவ்வளவு செலவாகும் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தியது நம் பிள்ளைக்குப் பொருந்தாமல் போனால் அந்தப் பணம் தூசி பிடித்துக் கிடக்கும். அதனால்தான் சங்கமே வாங்கி வைத்து, வீட்டில் பார்த்து முடிவு செய்யக் கொடுத்தோம். பார்த்த வரையில் என் கருத்து இது. மறந்து போகிற பிள்ளைக்குச் சாக்சன் என்ற அமெரிக்கக் கணக்குப் புத்தக வரிசை நல்லது. புதிய பாடத்தைக் கொஞ்சமாகச் சொல்லி, பழையதை நாள்தோறும் திரும்பச் செய்ய வைக்கும். வேகமாகப் பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு அதுவே சலிப்பு. மனக்கணக்கு நன்றாகப் போடும், வாக்கியக் கணக்கு என்றால் திகைக்கும் பிள்ளைக்கு, சிங்கப்பூர்ப் பள்ளிகளிலிருந்து வந்த சிங்கப்பூர் முறைப் புத்தகங்களைச் சொல்வேன். முதலில் கையால் எண்ணும் பொருள், பிறகு படம், அதன் பிறகே எண். புளியங்கொட்டையை வைத்துத் தொடங்கலாம். 'தம்பியைவிட அக்காவிடம் மூன்று மடங்கு' என்று வந்தால் தம்பிக்கு ஒரு பட்டை, அக்காவுக்கு மூன்று பட்டை வரைந்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

மேத் யூ சீ என்ற இன்னொரு அமெரிக்கக் கணக்கு வரிசையை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஒரு புத்தகம் முழுக்கப் பெருக்கல், அடுத்தது முழுக்க வகுத்தல், அதற்கும் பிறகுதான் பின்னம். நடுவில் வேறு முறைக்கு மாறினால் பிள்ளைக்கு ஒரு பகுதி அப்படியே விடுபட்டுப் போகும். வருஷத்துக்கு ஒரு புத்தகம் மாற்றுகிற வீடுகள் இதை யோசியுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் புத்தகங்களில் டாலரும் அங்குலமும் வரும். லட்சம், கோடி வராது. 1,00,000 என்று கமா போடத் தெரியாமல் நம் பிள்ளை வளரக் கூடாது. தமிழ்நாட்டு அரசுப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாறசாலைப் பக்கத்துக் குடும்பங்கள் கேரளப் பாடநூலை வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இணையத்தில் இலவசம்.

வரலாற்றில் என் பாரம் இன்னும் பெரியது. வெளிநாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றுப் புத்தகங்கள் படைப்பில் தொடங்கி எகிப்து, ரோம் என்று அழகாகப் போகின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1620-இல் மேஃபிளவர் கப்பலில் போனவர்களைத் தெரிந்த பிள்ளைக்கு, 1809-இல் நம் மயிலாடியில் மிஷனெரி ரிங்கல்தௌபே கட்டிய ஆலயம் தெரியவில்லை. தோள்சீலைக்காக, அதாவது மேலாடை அணியும் உரிமைக்காக, நம் பாட்டிமார் பட்ட பாடும், அதற்கு அனுமதி தந்து 1859-இல் வந்த திருவிதாங்கூர் அரச அறிவிப்பும் தெரியவில்லை. ஆகவே ஒரு நீளக் காகிதச் சுருளில் காலக்கோடு வரைந்தோம். வேதாகமமும் உலக வரலாறும் மேலே, நம் நாடு கீழே. 1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ்ப் புத்தகமும், 1741 குளச்சல் போரும், குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-உம் அதில் உண்டு. பிள்ளைகளே எழுதினார்கள்.

அதன் தொடர்ச்சியாக உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டச்சுக் கம்பெனி வீரர் டிலனாயின் கல்லறையில் லத்தீனும் தமிழும் இருப்பதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்து திருவிதாங்கோட்டிலுள்ள அரப்பள்ளி என்ற பழைய ஆலயம். தோமா அப்போஸ்தலர் கட்டியது என்பது மரபுச் செய்தி, கல்லில் வெட்டியிருப்பது சான்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க எட்டு வயதிலேயே பழக்கலாம்.

இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வேனுக்கு முன்பணம் கொடுத்திருந்தோம். தேவசகாயம் பிள்ளையின் ஊரான நட்டாலத்துக்குப் போவதாகச் சொன்னபோது, அவர் கத்தோலிக்கப் புனிதர் ஆயிற்றே என்று சிலர் பின்வாங்கினார்கள். 1752-இல் காற்றாடிமலையில் விசுவாசத்துக்காகச் சுடப்பட்டவர் நம் பக்கத்து ஊர்க்காரர். எந்தச் சபையானாலும் அவர் வரலாறு நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வந்ததைவிடப் போனது கூடுதல். குறைந்ததைச் செயற்குழுவில் சிலர் கையிலிருந்து போட்டார்கள். பல வீடுகளில் சந்தா ஆண்டு முழுவதும் பாக்கி. அதிலும் சில வீடுகளில் அலமாரிப் புத்தகங்களும் இருக்கின்றன. ஆசிரியர் கையேடு ஒன்று போன ஓணத்துக்கு முன் போனது, இன்னும் திரும்பவில்லை. அது இல்லாமல் இரண்டு தாய்மார் பாடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கஷ்டம் இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், சந்தாவைத் தள்ளி வைக்கலாம். புத்தகத்தையாவது கொண்டு வாருங்கள்.

கூட்டத்துக்கு இடம் தந்த சபையாருக்கும், தேநீர் தந்த அக்காமாருக்கும், வேன் ஓட்டிய தம்பிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மயிலாடிக்கும், 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைக்கும் போக எண்ணம். அணையில் வரலாறும் உண்டு, கணக்கும் உண்டு. நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னப் புத்தகம் ஒரு தொகுதியும் வாங்க வேண்டும். இரண்டும் சந்தாவைப் பொறுத்தவை. செயலாளர் பொறுப்பில் தொடர எனக்கு மனமிருக்கிறது, ஆனால் பதிவேடும் அலமாரிச் சாவியும் பார்க்க ஓர் இணைச் செயலாளர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் ஜூன் மாதக் கூட்டத்துக்கு முன் தலைவர் ஐயாவிடம் பெயர் கொடுங்கள். அன்றைக்கே பாக்கியும் புத்தகங்களும் வந்து சேர்ந்தால் புதிய பட்டியலை அன்றே முடிவு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்